நிஸு என்கிற மாலமியூட்

சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தபோது அம்மா நிஸுவின் வாயிலிருந்து அப்பாவின் இடதுகைக் கையுறையை மீட்டுக்கொண்டிருந்தாள். வலதுகைக் கையுறை போன வாரமே செரித்துவிட்டது. ஒரு கையால் இழுத்தபடி இன்னொரு கையால் போனை எடுத்தவள், குரலைக் கேட்டதும் இழுப்பதை நிறுத்தினாள். நிஸு கையுறையோடு மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அட, வாங்க டேல். இதையெல்லாம் போய்க் கேக்கணுமா? அஞ்சு மணிக்கெல்லாம் சூடாயிடும். துண்டு மட்டும் எடுத்துட்டு வந்துடுங்க" என்று மிகவும் சந்தோஷமான குரலில் சொல்லிவிட்டு போனை வைத்தாள். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"கோச் வர்றாரு. அவங்க வீட்டு சௌனா அடுப்பு விரிசல் விட்டுடுச்சாம்."

அப்பா ஜன்னல் பக்கமாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சனிக்கிழமை சௌனாவுக்கு வரட்டுமான்னு கேக்கறவர்கிட்ட வேணாம்னு எப்படிச் சொல்வாங்கன்னு நீங்க ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க. நான் கத்துக்கறேன்."

பின்லாந்திலிருந்து தாமிரச் சுரங்கத்துக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் நாங்கள். தாத்தாக்களின் மொழி போய்விட்டது, சுரங்கம் மூடிவிட்டது, மிச்சம் இருப்பது ஏலக்காய் ரொட்டியும், சூட்டு அறையில் உட்கார்ந்து வியர்த்துக் குளிக்கிற சனிக்கிழமை சௌனாவும்தான். எங்கள் ஊரில் பாதிரியாரை வாசலோடு அனுப்பலாம். ஓட்டு கேட்டு வருகிறவரை நாய் இல்லாமலே விரட்டலாம். துண்டோடு வருகிறவரை மட்டும் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: அந்த வீட்டில் எதை மறைக்கிறார்கள்? நாங்கள் மறைப்பது மேசைக்கடியில் கையுறை தின்றுகொண்டிருந்தது.

கோச் என்று ஊரே கூப்பிடுகிற டேல் பெல்டோலா எனக்கு ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர். இந்த மாவட்டத்துப் பையன்கள் பாதிப் பேருக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவருடைய நிஜ உத்தியோகம் மாவட்டப் போலீஸான ஷெரீப் அலுவலகத்தில். அதனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் "சாரி கோச்" என்று சொல்லிக்கொண்டேதான் விலங்குக்குக் கையை நீட்டுவார்கள். கடிக்கிற நாய், தொலைந்த நாய், கோழி பிடிக்கிற நாய், நாய் என்று சொல்லிக்கொள்கிற நாய், எல்லாப் புகாரும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் போகும்.

நிஸுவை அப்பா கொண்டுவந்தது பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் ஒரு ஹாக்கிப் போட்டி நடந்த மைதானத்தின் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து. ஒரு ஆள் டிரக்கின் பின்பக்கம் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துக்கொண்டு, "மாலமியூட், கொஞ்சம் கலப்பு" என்றான்; பனிவண்டி இழுக்கிற ஜாதி நாய். எதோடு கலப்பு என்று அப்பா கேட்கவில்லை. அந்த ஆளும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே குட்டி, மேசையிலிருந்த நிஸுவை, அதாவது ஒரு முழு ஏலக்காய் ரொட்டியை, விழுங்கிப் பெயர் வாங்கிக்கொண்டது. பிறகு வளர்ந்தது. கால்கள் வளர்ந்துகொண்டே போயின. நெஞ்சு குறுகலாகவே இருந்தது. கண்கள் மஞ்சளாக மாறின. மாலமியூட் என்றால் வால் முதுகின்மேல் சுருண்டு நிற்க வேண்டும். அப்பா இரண்டு வருடமாக அந்த வால் சுருளுவதற்காகக் காத்திருக்கிறார்.

ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள். பார்த்த எல்லோரும் "நல்ல மாலமியூட்" என்றார்கள், அசிங்கமாகப் பிறந்த குழந்தையைப் பார்த்து "ஆரோக்கியமா இருக்கு" என்று சொல்வார்களே, அந்தக் குரலில். மிருக டாக்டரம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. வெறிநாய்த் தடுப்பூசியைப் போட்டுவிட்டு வெகுநேரம் கை கழுவினார். "ரெய்னோ, நான் மாலமியூட்னுதான் எழுதப்போறேன்" என்றார் அப்பாவிடம், குழாயைப் பார்த்துக்கொண்டே. "ஆனா இது நான் நினைக்கறதா இருந்தா, சட்டத்தோட கண்ணுக்கு இந்த ஊசி வெறும் தண்ணி. நாய் ஒருத்தரைக் கடிச்சா பத்து நாள் கட்டிவெச்சுப் பாத்தாப் போதும். இது கடிச்சா பாக்கறதெல்லாம் கிடையாது. தலையை வெட்டி சோதனைக்கு அனுப்புவாங்க. யாரையும் கடிக்காம பாத்துக்க."

அன்றிலிருந்து அப்பா சட்டம் படிக்க ஆரம்பித்தார். எங்கள் மாநிலத்தில் ஓநாய்க் கலப்பு நாயைப் புதிதாக வைத்துக்கொள்வது குற்றம். ஆயிரம் டாலர் வரை அபராதம், தொண்ணூறு நாள் வரை சிறை, ஐந்நூறு மணி நேரம் வரை சமூக சேவை. சமூக சேவையை அப்பா தண்டனை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. தேவாலயக் கூரையின் பனியை வருடாவருடம் வேறு யார் அள்ளுகிறார்கள். அபராதத்தையும் எப்படியாவது கட்டிவிடலாம். ஆனால் அப்பா பள்ளிக்கூட பஸ் டிரைவர். பஸ் ஓட்டுகிறவர் வீட்டில் பாதி ஓநாய் இருந்தது, வழக்கு நடக்கிறது என்று எந்தப் பள்ளிக்கூடமும் பெற்றோருக்கு விளக்கிக்கொண்டிருக்காது. சாவியை வாங்கி வைத்துவிடும். நிஸுவைக் கொண்டுபோய்விடுவார்கள். ஏற்றுக்கொள்ள இடம் கிடைக்காவிட்டால், எங்கும் கிடைப்பதில்லை, கொல்வதற்கு ஒரு ஊசி. முழு ஓநாயாகப் பிறந்திருந்தால் காட்டில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முழு நாயாகப் பிறந்திருந்தால் சோபா உண்டு.

இதெல்லாம் தெரிந்தும் இரண்டு வருடம் ஓடிவிட்டது. இந்தக் குளிர்காலத்தில்தான் பெரிய பாலத்துக்குத் தெற்கே, நகரப் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்து எங்களுக்கு மேற்கே இருந்த மரவீட்டை வாங்கினார்கள். இயற்கைக்கு நடுவில் வாழ வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசையாம். எங்கள் ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதும். சங்கு ஓய்ந்ததும் நிஸு அதற்குப் பதில் சொல்லும். இயற்கை பதில் பேசுவதைக் கேட்ட தம்பதி ஷெரீப் அலுவலகத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை மளிகைக்கடையில் இந்தச் செய்தி எங்களுக்குக் கிடைத்தது. கோச் என்றைக்காவது வருவார் என்று அப்போதே தெரியும். துண்டோடு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

அம்மாதான் திட்டம் போட்டாள். நிஸுவோடு அவள் நிலவறையில் இருப்பாள். ரேடியோவில் ஹாக்கி வர்ணனையை அலறவிடுவாள். ஆறு மணிச் சங்குக்கு முன்னால் கோச்சைக் குளிப்பாட்டி, காபி கொடுத்து அனுப்பிவிட வேண்டும். "அவரக் கொஞ்சம் அவசரப்படுத்துங்க" என்றாள்.

"சௌனாவுல யாரம்மா அவசரப்படுவாங்க?" என்றேன்.

"நீ வாயைத் திறக்காத. உன் மூஞ்சிய மட்டும் கழுவிவிட்ட சிலேட்டு மாதிரி வெச்சுக்க. அது உனக்குத் தானா வரும்."

கோச் ஐந்தரைக்குத்தான் வந்தார். பனி தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாராம். ஷெரீப் அலுவலக டிரக்கில், சீருடையில், இடுப்பில் துப்பாக்கியோடு வந்தார். கக்கத்தில் பூப்போட்ட துண்டு. வீட்டுப் பக்கம் பார்க்காமல் நேராகத் தோட்டத்தின் கோடியிலிருந்த சௌனாவுக்கு நடந்தார். உடை மாற்றும் அறையில் துப்பாக்கிப் பட்டையை அப்பாவின் உள்பனியனுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். பிறகு சட்டை, பிறகு மற்றதெல்லாம். எல்லாவற்றையும் கழற்றியபின் ஷெரீப் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் தொப்பை அளவில்கூட வித்தியாசம் இல்லை. உள்ளே போய்விட்டால் தொழில் பேசக்கூடாது, தகராறு பேசக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்த மர அறைக்குள் யாருக்கும் உத்தியோகம் கிடையாது. எனக்கு அந்த விதியில் அன்றைக்குப் போல என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. அன்றைக்குப் போல சந்தேகமும் இருந்ததில்லை.

மேல் பலகையில் மூவரும் உட்கார்ந்தோம். அப்பாவின் முழங்கால் தன்பாட்டுக்கு ஆடியது. அதன்மேல் கையை வைத்து அழுத்தினார்.

"உடம்புக்கு என்னடா?" என்றார் கோச்.

"ஒண்ணுமில்ல. பஸ் கிளட்ச்."

"பஸ்ஸு புதுசா வாங்கினதாச்சே. கிளட்ச்சே கிடையாதே அதுல."

"பழைய பஸ் கிளட்ச்."

கோச் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கப்பனுக்குப் பொய் வராதுடா ஓன்னி. நாங்க ஒண்ணா ஸ்கூல்ல ஆடும்போது எவனையாவது தள்ளிவிட்டா நடுவர் விசில் ஊதறதுக்கு முன்னாடியே இவனே போய் தண்டனைப் பெட்டியில உக்காந்துக்குவான். இவனால ரெண்டு போட்டி தோத்தோம்."

அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் குழந்தைகள் பஸ்ஸிலிருந்து குதித்திருப்பார்கள். வீட்டிலிருந்து ஹாக்கி வர்ணனை மங்கலாகக் கேட்டது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கணக்குப் போட்டேன். சௌனாவுக்குள் கடிகாரம் கிடையாது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து விழுவதை வைத்து நேரம் சொல்ல முடியும் என்று நம்ப ஆரம்பித்திருந்தேன். "வெளிய போலாமா கோச்?" என்றேன்.

"இன்னும் நனையவே இல்லையேடா."

சங்கு ஊதியது. நீளமாக ஊதி, தேய்ந்து, நின்றது. வர்ணனையாளர் யாரோ கோல் போட்டதாகக் கத்தினார். அந்தக் கத்தலுக்கு அடியிலிருந்து அது கிளம்பியது. மாலமியூட்டும் ஊளையிடும். ஆனால் அதில் சாப்பாடு கேட்கிற மாதிரி ஒரு கெஞ்சல் இருக்கும். இது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தாழ்வாக ஆரம்பித்து, ஏறி, ஏறிய இடத்திலேயே நின்று, பிறகு பக்கவாட்டில் நகர்வதுபோல் உடையும். நிலவறைச் சுவரையும் வானொலியையும் தாண்டி வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாய் திறப்பதைப் பார்த்தேன். எழுந்து தண்டனைப் பெட்டிக்கு நடக்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது.

கோச் கீழே குனிந்தார். வாளியிலிருந்து கரண்டியில் தண்ணீர் மொண்டு, அடுப்பின்மேல் காய்ந்துகொண்டிருந்த கல்லில் ஊற்றினார். உஸ்ஸென்று ஆவி எழுந்து அறையை மூடியது. அந்தச் சத்தத்தில் ஊளை கேட்கவில்லை. சத்தம் அடங்கியதும் மறுபடி கேட்டது. மறுபடி ஊற்றினார். நிஸு விடவில்லை. அவரும் விடவில்லை. முகத்தைக் கல்லின் பக்கமே வைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல், வாளியைக் காலிசெய்துகொண்டிருந்தார். காது நுனி எரிந்தது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் சூடு வைத்தது.

"என் காதுல விழாததை நான் போய்ப் பாக்கணும்னு அவசியமில்ல" என்றார் ஆவிக்குள்ளிருந்து. "திங்கக்கிழமைதான் எனக்கு வேலை நாளு. காலையில வருவேன். அப்ப இங்க ஒண்ணும் இருக்காது. இல்லையா ரெய்னோ?"

"இருக்காது" என்றார் அப்பா. அது பொய்யில்லை. எங்கே கொண்டுபோவது என்பது வேறு விஷயம். வடக்கே கனடாப் பக்கம் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கையில் இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வியர்வையோடு வியர்வையாக அதை விட்டுவிட்டேன்.

"இனி உக்காந்தா வெந்துருவோம்டா. வெளிய!" என்றார் கோச்.

மூவரும் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தோம். ஆவி பறக்க ஓடி, முழங்காலளவு பனியில் விழுந்து புரண்டோம். எல்லா சனிக்கிழமையும் செய்வதுதான். அதே நிமிடம்தான் நிலவறையின் வெளிக்கதவும் திறந்தது. ஊளையை அடக்க முடியாமல் பயந்துபோன அம்மா, நிஸுவைக் காரில் ஏற்றிக் கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று புறப்பட்டிருந்தாள். அப்பாவின் பூட்ஸும் கோட்டும் போட்டு, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தவள், பனியில் கிடந்த எங்கள் மூவரையும் பார்த்து அப்படியே நின்றாள். நிஸு நிற்கவில்லை.

அதற்கு அப்பாவைத் தெரியும், என்னைத் தெரியும். மூன்றாவதாக ஒரு புதிய ஆள் மல்லாந்து கிடப்பதைக் கண்டதும் கயிறு அம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டது. கோச் எழுந்திருப்பதற்குள் நிஸு அவர் நெஞ்சின்மேல் முன்னங்கால்களை ஊன்றி நின்றது. கழுத்தை மோந்தது. பிறகு வாயை அகலமாகத் திறந்து அவருடைய தாடையைப் பற்களுக்கிடையில் பிடித்தது.

அது வணக்கம் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லும், அழுத்தாது. ஆனால் கோச்சுக்குத் தெரியாது. அவருடைய கண் என் பக்கம் திரும்பியது. ஹாக்கி ஆட்டத்தில் அவர் மூக்கில் ரப்பர் வட்டு பட்டு எலும்பு முறிந்தபோதுகூட அந்தக் கண் அப்படி இருந்ததில்லை.

"அசையாதீங்க கோச்" என்றேன். என் வாழ்நாளில் அவருக்கு நான் போட்ட ஒரே உத்தரவு. அவர் கேட்கவில்லை. கையை இடையில் கொடுத்துத் தள்ளினார். அப்பா "நிஸு!" என்று கத்தினார். நிஸு உடனே விட்டுவிட்டு, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. வாலைக் கால்களுக்கிடையில் நுழைத்துக்கொண்டு பயத்தில் கொஞ்சம் மூத்திரம் போனது.

கோச் எழுந்து நின்றார். உடம்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கட்டைவிரலின் அடிச்சதையில் ஒரு கீறல். பெரியதில்லை. அதிலிருந்து ரத்தம் சொட்டி, வெள்ளைப் பனியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அவர் கையைப் பார்த்தார். பிறகு நிஸுவின் கால்களை, வாலை, கண்ணை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தார். சௌனாவில் கல்லையே பார்த்துக்கொண்டு அவர் பார்க்காமல் விட்ட அத்தனையையும் இப்போது பார்த்து முடித்தார்.

"குளிருது" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனார்.

சௌனா முடிந்தால் காபி குடிக்காமல் யாரும் போவதில்லை. அவரும் போகவில்லை. சீருடை, பெல்ட், துப்பாக்கி எல்லாம் மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். அம்மா காயத்தைக் கழுவித் துணி சுற்றினாள். நிலவறைக் கதவை நிஸு உள்ளிருந்து பிறாண்டிக்கொண்டிருந்தது; மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அம்மா கோப்பையில் காபியை விளிம்புவரை ஊற்றினாள்.

"ஏன்டா, காலேஜ்ல படிக்கிறியே" என்றார் கோச் என்னிடம். "வெறிநோய் வந்தா எத்தனை நாள்ல தெரியும்?"

"நான் சுரங்கப் பொறியியல், கோச்."

"ஓ."

"போன்ல பாத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றார் சட்டென்று. "பாக்காத."

அவர் கோப்பையை நல்ல கையால் எடுத்தார், குடிக்காமல் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் தனக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம். போனால் எது கடித்தது என்று கேட்பார்கள்; ஓநாய்க் கலப்பு என்றால் நிஸுவின் தலை போகும். எது கடித்தாலும் ஆஸ்பத்திரி புகார் அனுப்ப வேண்டியது ஷெரீப் அலுவலகத்தில் நாய்களைப் பார்க்கிற ஆளுக்கு. அந்த ஆள் எங்கள் மேசையில் உட்கார்ந்து ஆறிய காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு" என்றார் அப்பா. "ரெண்டு தடவை."

"நாய்க்குப் போடற ஊசி."

"ஆமா."

"அப்ப, நாயா இருந்தா நான் பயப்பட வேண்டியதில்ல. பத்து நாள் கட்டிப்போட்டுப் பாத்தா முடிஞ்சுது. இது என்ன ரெய்னோ?"

"மாலமியூட்" என்றாள் அம்மா.

"நான் அவன்கிட்ட கேட்டேன் லோர்னா."

அம்மா மேசைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது; என் காலையும் சேர்த்து மிதித்திருந்தாள். மாலமியூட் என்கிற ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்காகத்தான் கோச்சும் காத்திருந்தார் என்று தோன்றியது. அவருக்கும் அது தேவைப்பட்டது, எங்களைவிட அதிகமாக. அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியும். அதை அப்பா சொன்னால் மட்டும்தான் அவரால் நம்ப முடியும்.

"டேல்" என்றார் அப்பா. "அது இந்த வேலியத் தாண்டிப் போனதே கிடையாதுடா. வேற எந்த மிருகமும் அதக் கடிச்சதில்ல. உனக்கு ஒண்ணும் ஆகாது. சத்தியமா."

"நான் கேட்டது அது இல்லையேடா" என்றார் கோச் மெதுவாக. எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவைத்தார். தொப்பியை எடுத்தார். "காபி நல்லாருந்துச்சு லோர்னா." கோப்பை நிரம்பியிருந்தது.

நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலருகில் நின்றோம். யார் அணைத்தது என்று நினைவில்லை. டிரக் எங்கள் பாதையின் முனைவரை போய், பெரிய சாலைக்கு ஏறும் இடத்தில் நின்றது. இடதுபக்கம் அவர் வீடு. வலதுபக்கம் ஆஸ்பத்திரியும் ஷெரீப் அலுவலகமும். பின்விளக்குகள் பனியைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தன. சாலையில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. இருந்தும் அவர் நகரவில்லை.

"எந்தப் பக்கம் சிக்னல் போட்டிருக்காரு?" என்று அம்மா கிசுகிசுத்தாள், அவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

"போடல."

டிரக்கின் உள்விளக்கு எரிந்தது. கோச் தலை குனிந்திருந்தார். கையில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். பிறகு கையை விளக்குக்கு அருகில் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி பெய்து டிரக்கின் கண்ணாடிகளை மெல்ல மூடியது. அவர் உருவம் மறைந்து, உள்ளே எரிகிற மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வைப்பர் ஒரு தடவை ஓடியது. நின்றது.